உலகம்மையின் இடது பக்கம்

பிப்ரவரி 2

இன்று முதல் வருங்காலச் சந்ததியினருக்காக நாட்குறிப்பு எழுதத் திருவுளம் கொண்டேன். ஜனவரியை விட்டுவிட்டதற்குக் காரணம், இந்த டைரி ஜனவரி முழுக்கக் கடை மேசையின் ஆடுகிற காலுக்கு அண்டக் கொடுத்துக் கிடந்ததுதான்.

நான் வெயிலுமுத்து. ‘வெயிலுமுத்து மைக் செட் அண்டு சீரியல் லைட்’ சாம்ராஜ்யத்தின் ஏக சக்கரவர்த்தி. நான் மைக்கில் ‘ஹலோ’ சொன்னால் மேற்குத் தொடர்ச்சி மலை இரண்டடி கேரளத்துப் பக்கம் நகரும். ஊரில் எனக்கு இன்னொரு பெயர் ரேடியோ. என்னிடம் சொன்ன ரகசியம் சாயந்தரத்துக்குள் சங்கரன்கோவிலைத் தாண்டிவிடும் என்று பொறாமைக்காரர்கள் சொல்வார்கள். அப்படி ஒன்றும் இல்லை. செங்கோட்டையோடு நின்றுவிடும்.

இன்று கோயிலில் ஒரு சங்கடம். என் அக்காள் மகள் உலகம்மை எங்கள் ஊர்ச் சிவன் கோயிலில் ஓதுவார். ஆமாம், பெண் ஓதுவார். அவளுக்கு வேலை கொடுத்த நாளில் கோயில் கணக்கர் சிவசங்கு, “மாசத்துல மூணு நாள் மண்டபம் ஊமையாக் கெடக்கும், பாத்துக்கிடுங்க” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். அன்று முதல் நாலு வருஷமாக உலகு ஒரு நாள் லீவு எடுத்ததில்லை. மாதத்தில் எந்த நாளும் எடுத்ததில்லை. சிவசங்கு காலண்டரைப் பார்த்துப் பார்த்தே கண்ணாடி மாற்றிவிட்டார்.

அப்பேர்ப்பட்டவள், இன்று தீபாராதனைத் தட்டோடு குருக்கள் இடது பக்கமாக வந்ததைப் பார்க்கவே இல்லை. திரும்பினாள், இடித்தாள், கற்பூரம் தரையில் விழுந்து எரிந்தது.

“கண்ணு எங்கன இருக்கு?” என்றார் சிவசங்கு.

உலகு இடது கையை முகத்துக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிப்ரவரி 6

தென்காசியில் கண் டாக்டர். உலகை நானும் அவளுடைய அப்பா ஆவுடையப்பன் அத்தானும் கூட்டிப் போனோம். அத்தான் பத்திரப் பதிவு ஆபீசில் இருந்து ரிட்டையர் ஆனவர். வருஷத்துக்குப் பத்து வாக்கியம் பேசுவார். அக்காள் செத்த பிறகு அதையும் ஆறாகக் குறைத்துக்கொண்டார்.

கண் டாக்டர் கண்ணில் குறையில்லை என்றார். எனக்கு அப்படியே ஒரு வெடி போடலாம் போல் இருந்தது. அடுத்த வாக்கியத்தில், “கண்ணுக்குப் பின்னாடிதான் ஏதோ இருக்கு. மதுரைக்குப் போய் ஸ்கேன் எடுங்க” என்றார்.

பிப்ரவரி 13

மதுரை. ஸ்கேனும் பார்வைப் பரிசோதனையும் எடுத்தாயிற்று.

டாக்டர் யோவான் மூளை அறுவைச் சிகிச்சை நிபுணர். மீசை இன்னும் சரியாக முடிவெடுக்காத வயசு. படத்தை வெளிச்சத்தில் மாட்டினார். உலகின் தலைக்குள், இரண்டு கண் நரம்பும் சேருகிற இடத்தில், நெல்லிக்காய் அளவுக்கு ஒரு வெள்ளை.

“புற்றுநோய் இல்ல. மூளைக்கு மேல போர்த்தியிருக்கிற உறையில இருந்து வளர்றது. மெதுவாத்தான் வளரும். ஆனா இடம் மோசம். கண் நரம்பை அழுத்துது. அதான் இடது ஓரம் தெரியல.”

பிறகு பேனாவை மூடிக்கொண்டு கேட்டார்: “ஹார்மோன் மாத்திரை, ஊசி ஏதாவது எடுத்துக்கிறீங்களாம்மா?”

உலகு வாயைத் திறப்பதற்குள் அத்தான் சொல்லிவிட்டார். “அவளுக்குக் கல்யாணமே ஆகல டாக்டர். அதெல்லாம் எதுக்கு?”

“நீங்க சொல்லுங்கம்மா.”

“இல்ல” என்றாள் உலகு.

எதற்குக் கேட்கிறீர்கள் என்று நான்தான் கேட்டேன். இந்த மாதிரிக் கட்டிகளின் செல்களில் பெரும்பாலும் ஏற்பிகள் என்று ஒன்று இருக்குமாம். உடம்பில் ஓடுகிற புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனை அவை பிடித்துக்கொள்ளும். பிடித்தால் கட்டி வளரத் தோதாகும். இவளுடைய கட்டியில் இருக்கிறதா என்பது எடுத்துச் சோதித்தால்தான் உறுதியாகத் தெரியுமாம்.

எனக்குப் புரிந்துவிட்டது. கட்டிக்குக் காது இருக்கிறது. ஹார்மோன் மைக்கில் அறிவிப்புச் செய்கிறது. காது உள்ள கட்டி அதைக் கேட்டு எழுந்து நிற்கிறது. இதைச் சொன்னதும் டாக்டர், “கிட்டத்தட்ட அதுதான் சார்” என்றார். கிட்டத்தட்ட நானும் டாக்டர்.

“ஆபரேஷன் பண்ணிருவோம். நரம்போட ஒட்டியிருந்தா, எடுக்கும்போது பார்வை இன்னும் குறையவும் வாய்ப்பிருக்கு. மறைக்காம சொல்லிடுறேன்.”

“பங்குனி உத்திரம் முடியட்டும் டாக்டர்” என்றாள் உலகு. பதினோரு நாள் திருவிழா. பதினோரு நாளும் அவள் பாட்டு.

டாக்டருக்கு மனசில்லை. ஏப்ரல் ஆறு என்று குறித்தார்; நடுவில் மார்ச் பத்தாம் தேதி ஒரு தடவை வந்து காட்டச் சொன்னார். “அதுக்குள்ள இன்னும் மங்கினா அன்னைக்கே கிளம்பி வரணும்.”

திரும்பும்போது பஸ்ஸில் வாங்கிய முறுக்கை மூன்று பேரும் கையிலேயே வைத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தோம்.

பிப்ரவரி 14

இரண்டு ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர். வேறு விசேஷம் இல்லை.

பிப்ரவரி 26

உலகு நினைவூட்டினாள். மார்ச் மூன்றாம் தேதி துணை சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அவளுக்கு ரத்தச் சத்து ஊசி. போட்டுவிடுகிறவள் அவளோடு பள்ளிக்கூடத்தில் படித்த ஸ்டெல்லா நர்ஸ். பைக்கில் கூட்டிப்போகிற சாரதி அடியேன்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபட்டதே இல்லை. அந்தச் சத்து ஊசிக்கு வரிசையில் நிற்கிறவர்கள் எல்லாரும் இடுப்பில் கைக்குழந்தையோடு நிற்கிறார்கள். ரத்தமில்லாத ஆம்பிளையோ கிழவியோ ஒருத்தரும் வந்து நான் பார்த்ததில்லை. சுவரில் இரண்டு பிள்ளைகளோடு சிரிக்கிற ஒரு புருஷன் பெண்டாட்டி படம் வேறு.

நான் பட்டப்படிப்புப் படித்தவன் இல்லை. எனக்கெதற்கு இந்த ஆராய்ச்சி?

பிப்ரவரி 27

பேச்சோடு பேச்சாக, அது என்ன ஊசி என்று ஸ்டெல்லாவிடம் போனில் கேட்டேன். “உலகுகிட்டயே கேளுங்க மாமா” என்று வைத்துவிட்டாள். ‘சத்து ஊசிதான்’ என்று அவள் சொல்லவில்லை.

மார்ச் 3

போகிற வழியில், குளத்துக்கரையில் வண்டி நின்றுவிட்டது. என் பைக் அசுவமேத யாகத்துக்குப் போகும் குதிரைக்குச் சமானம், ஆனாலும் நின்றது. நான் இறங்கிக் குனிந்து, தட்டி, மூச்சு வாங்கி, பல சாகசங்கள் செய்தேன். ஊசி போடுகிற நேரம் போய்க்கொண்டிருந்தது.

“மாமா.”

“இருட்டி, கார்புரேட்டர்ல தூசி.”

“பிளக் வயரு உங்க கையில இருக்கு மாமா.”

இருந்தது.

அவள் கரையிலே உட்கார்ந்துவிட்டாள். நான் அவளுடைய வலது பக்கமாகப் போய் உட்கார்ந்தேன். இடது பக்கம் உட்கார்ந்தால் நான் இல்லாத மாதிரி ஆகிவிடுகிறது.

“அது கர்ப்பத்தடை ஊசி மாமா” என்றாள். “போட்டா மாச விலக்கு நின்னு போயிரும். அதுக்காகத்தான். மொதல்ல விசேஷத்துக்கு விசேஷம் தள்ளிப்போடுத மாத்திரை தின்னேன். கோயில்ல தினமும்லா விசேஷம்? அப்புறம் ஸ்டெல்லாகிட்ட கெஞ்சி இதுக்கு மாறினேன். அவளுக்குந் தெரியாது, இதால இப்படி ஒண்ணு வரும்னு.”

“டாக்டரு கேட்டாரே!”

“அப்பா இருந்தாங்க. கல்யாணமாகாதவ கர்ப்பத்தடை ஊசி போடுதான்னா யாரு மாமா காரணம் கேப்பா? எங்க அப்பாவே கேப்பாங்களா? சிவசங்கு காதுக்குப் போச்சுன்னா நான் மண்டபத்துல நிக்க முடியுமா?”

நான் பிளக் வயரைச் சுருட்டி வேட்டி மடியில் செருகினேன்.

“உத்திரம் வரைக்குந்தான் மாமா. இந்த ஒரு ஊசி. அதுக்கப்புறம் எப்படியும் வெட்டத்தான போறாங்க.”

“டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போட்டுக்கோ. அதுவரைக்கும் இந்த வயரு என் மடியில இருக்கும்.”

ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். பதிவில் உள்ள நம்பருக்குத்தான் டாக்டர் கூப்பிடுவாராம். பதிவில் உள்ளது அத்தான் நம்பர். நானே மதுரைக்குப் போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்றேன்.

“நீங்க போய்ச் சொன்னா மதுரைக்கே கேக்கும்” என்றாள். “பத்தாந்தேதி போறோம்லா, நானே சொல்லுதேன். அப்பாவ மட்டும் கொஞ்ச நேரம் வெளிய வச்சிருங்க.”

வண்டியைத் திருப்பினேன்.

மார்ச் 7

யாரிடமும் சொல்லவில்லை. டீக்கடைக்குப் போவதை நிறுத்திவிட்டேன். வாய்க்குள் ஒரு உயிருள்ள தவளையை வைத்துக்கொண்டு திரிகிற மாதிரி இருக்கிறது. கடைக்கு வந்த ஒருவர், “என்ன ரேடியோ, கரண்டு இல்லையா?” என்றார்.

அத்தானை வெளியே வைப்பது எப்படி? அவர் மகளை விட்டு நகர மாட்டார். ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு கருங்கல் மாதிரி உட்கார்ந்திருப்பார். ஆனால் என்னிடம் ஒரு திட்டம் உதித்திருக்கிறது. உலகப் போர்களை இதைவிடச் சின்னத் திட்டங்களால் ஜெயித்திருக்கிறார்கள்.

மார்ச் 10

திட்டம் இது. டாக்டர் அறைக்குள் நுழைந்ததும் எனக்கு நெஞ்சு வலி வரும். அத்தான் என்னைத் தாங்கிக்கொண்டு வெளியே ஓடுவார். உள்ளே உலகும் டாக்டரும் தனியாக. அவள் சொல்லிவிடுவாள்.

வலி வந்தது. என்ன வலி! நான் நெஞ்சைப் பிடித்துச் சாய்ந்த அழகில் எமதர்மராஜாவே எருமையைத் தட்டிக் கிளப்பியிருப்பார். அத்தான், “மாப்ள! எய்யா!” என்று அலறினார். ஒரு வாக்கியம் செலவு.

ஆனால் நான் ஒன்றை மறந்துவிட்டேன். நான் விழுந்த இடம் ஆஸ்பத்திரி. அத்தானுக்கு முன்னால் டாக்டர் பாய்ந்து வந்தார். தள்ளு கட்டில் வந்தது. சட்டையைக் கழற்றினார்கள். என் திருமார்பில் பசையைத் தடவி, சீரியல் செட் கட்டுகிற மாதிரி எங்கு பார்த்தாலும் வயர். ஒரு பக்கம் டாக்டர், ஒரு பக்கம் நர்ஸ், தலைமாட்டில் உலகின் ஃபைலால் விசிறிக்கொண்டு அத்தான். கால்மாட்டில் உலகு. டாக்டர் உள்ளே தனியாக இல்லை. உலகும் தனியாக இல்லை. எல்லாரும் என்னைச் சுற்றி நிற்கிறார்கள்.

“எங்க வலிக்குது சார்?” என்றார் டாக்டர்.

நான் உலகைப் பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். இன்று இது முடிந்தால் அவ்வளவுதான், அடுத்தது கத்தி என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

“டாக்டர்” என்றாள். “மாமாவுக்கு நெஞ்சுல ஒண்ணுமில்ல. எனக்காக நடிக்காங்க.”

விசிறி நின்றது.

“அன்னைக்கு நீங்க கேட்டதுக்கு இல்லன்னு சொன்னேன். பொய். மூணு மாசத்துக்கு ஒரு தடவ போடுற ஊசி போடுதேன். கிட்டத்தட்ட நாலு வருஷமா. கோயிலுக்கு ஒரு நாள் கூடப் போகாம இருக்கக் கூடாதுன்னு போட்டேன். வேற எதுக்கும் இல்ல.” கடைசி வாக்கியத்தை அவள் டாக்டரைப் பார்த்துச் சொல்லவில்லை.

“சார், இப்பத்தான் நாடி ஏறுது” என்றாள் நர்ஸ், என் திரையைப் பார்த்து.

டாக்டர் யோவான் என்னை விட்டுவிட்டார். ஒரு ஸ்டூலை இழுத்து உலகுக்குப் போட்டார். கடைசி ஊசி எப்போது என்று கேட்டார். டிசம்பர் என்றாள்.

“நல்ல வேளை. இனிமே வேண்டாம். அந்த ஊசியில இருக்கிறது அதே ஹார்மோன் வகைதான். வருஷக்கணக்கா போட்டுக்கிட்டவங்களுக்கு இந்தக் கட்டி கொஞ்சம் அதிகமா வர்றதா ஆய்வுகள் சொல்லுது. போட்டுக்கிறவங்கள்ல ரொம்ப ரொம்பக் கொஞ்சம் பேருக்குத்தான். உங்களுக்கு அதனாலதான் வந்துச்சுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது. ஆனா நிறுத்தினா சிலருக்கு வளர்றது நிக்குது. சிலருக்குச் சுருங்கவும் செய்யுது.”

உலகு, “ஆபரேஷன்?” என்றாள்.

“ஏப்ரல் ஆறு அப்படியே இருக்கட்டும். அதுக்கு முன்னாடி ரெண்டு தடவ பார்வைப் பரிசோதனை. மோசமானா ஆபரேஷன். நின்னா, தேதியை எடுத்துருவோம்.”

அத்தான் அப்போதுதான் வாயைத் திறந்தார். “அந்த ஊசியோட தாக்கம் ஒடம்புல இருந்து போக எத்தன நாளு ஆகும்?”

வேறு ஒன்றும் கேட்கவில்லை. மகளிடமும் பேசவில்லை. ஊர் வரும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார். என் சட்டையின் மேல் பட்டன் இரண்டும் ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டன.

மார்ச் 13

அத்தான் பேசவில்லை. உலகு சோறு வைக்கிறாள். சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைக்கிறார். அவள் கோயிலுக்குப் போகும்போது வாசல் வரை வருவார். இப்போதும் வருகிறார். ஆனால் அவளுடைய இடது பக்கத்தில் நிற்கிறார்.

மார்ச் 20

முதல் பரிசோதனை. இருட்டறையில் ஒரு வெள்ளைக் குடத்துக்குள் முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். அங்கங்கே பொட்டு வெளிச்சம் வரும். தெரிந்தால் பொத்தானை அமுக்க வேண்டும்.

காகிதத்தில், பார்வை இல்லாத இடத்தைக் காட்டுகிற கறுப்பு பிப்ரவரியில் எடுத்ததைவிட ஓர் இடத்தில் சற்றுக் கூடியிருக்கிறது. “ஒவ்வொரு தடவையும் இவ்வளவு வித்தியாசம் வரலாம். அடுத்ததைப் பார்த்துச் சொல்றேன்” என்றார் டாக்டர். முகத்தில் சிரிப்பில்லை.

நான் சாதாரணமாக ஒரு பூனை தும்மினால் பூகம்பம் என்று எழுதுகிறவன். இன்று எதையும் பெரிதாக்க வேண்டியிருக்கவில்லை.

மார்ச் 21

நாளைக் காலை கொடியேற்றம். கோயிலுக்கு சீரியல் லைட் கட்டிவிட்டு வந்தேன். உலகு புடவை மாற்றிக்கொண்டு முற்றத்தில் நின்றாள்.

“மாமா, வண்டிய எடுங்க. ஸ்டெல்லா இன்னைக்கு இருப்பா.”

“ஏட்டி, வேண்டாம்னு சொன்னாருல்லா?”

“நிறுத்தியும் கறுப்பு கூடித்தான இருக்கு? எப்படியும் வெட்டுவாங்க. கண்ணும் போயி, உத்திரமும் போகணுமா? இத்தன நாளா நின்னது எப்பம் வரும்னு ஸ்டெல்லாவுக்கே தெரியல. திருக்கல்யாணத்தன்னைக்கு வந்தா? நாலு வருஷமா அந்த ஆளு அதுக்குத்தான காத்துக் கெடக்காரு?”

நான் பிளக் வயரைத் தொடவில்லை. அவள் சொல்வதில் நியாயம் இருக்கிற மாதிரியே இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

அத்தான் உள்ளேயிருந்து வந்தார். பதினோரு நாளைக்குப் பிறகு மகளிடம் பேசினார்.

“போயிட்டு வா. நான் தடுக்கல. ஊசியப் போட்டுட்டு வந்து, யாருக்காகப் போட்டேன்னு மட்டும் சொல்லு. சாமிக்காகன்னு சொன்னா நம்ப மாட்டேன். சிவசங்குக்காகன்னு சொன்னா நம்புவேன்.”

உலகு அழவில்லை. கோபத்தில் மூக்கு விடைத்தது. கொடியில் கிடந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து, காயாததையும் சேர்த்து மடித்தாள். கடைசித் துணி வரை காத்திருந்துவிட்டு வண்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டேன்.

மார்ச் 28

ஏழாம் திருநாள். பாடினாள். தூணைப் பிடித்துக்கொண்டு பாடினாள். இடது பக்கம் யாரும் வராமல் நானே ஒரு ஸ்பீக்கர் பெட்டியைக் கொண்டு அடைத்து வைத்திருக்கிறேன். சத்தம் பற்றாது என்று சிவசங்கிடம் காரணம் சொன்னேன். அந்தப் பெட்டிக்குள் ஸ்பீக்கரே கிடையாது.

ஏப்ரல் 1

உத்திரம். திருக்கல்யாணம்.

காலையில் உலகு கதவைத் திறக்கவில்லை. பிறகு திறந்து, “மாமா, இன்னைக்கு நான் வரல” என்றாள். எனக்குப் புரிந்தது. அத்தானுக்கும் புரிந்தது. அவர் வேட்டியை மாற்றிக்கொண்டு தனியாகக் கோயிலுக்கு நடந்தார்.

மண்டபத்தில் ஜனம் நெரிகிறது. மாலை மாற்றும் நேரம். பாட்டு வர வேண்டிய இடத்தில் பாட்டு வரவில்லை. சிவசங்கு மணவறைக்குப் பக்கத்தில் நின்று, நாலு வருஷத்துச் சந்தோஷத்தை ஒரே மூச்சில் விட்டார்.

“என்ன அண்ணாச்சி, ஓதுவாரம்மாவக் காணோம்? இன்னைக்குப் பாத்து லீவா? நான் அன்னைக்கே சொன்னேன்லா!”

அத்தான் பேசினார். குரலை உயர்த்தவில்லை. பத்திர ஆபீசில் ஆவணத்தை வாசித்துக் காட்டுகிற மாதிரி நிதானமாகச் சொன்னார்.

“ஆமா. வீட்டுல இருக்கா. மாச விலக்கு. நாளைக்கும் வர மாட்டா. நாளன்னைக்கும் வர மாட்டா. அதுக்கடுத்த நாள் வந்து பாடுவா. இனிமே மாசாமாசம் இப்படித்தான். நாலு வருஷம் ஒரு நாள் விடாம வந்தாள்லா, அது சும்மா வரல. ஊசி போட்டு நிறுத்தி வச்சுட்டு வந்தா. இப்ப அவ மண்டைக்குள்ள கட்டி இருக்கு, கண்ணு பாதி தெரியல. ஊசி பேரு வேணும்னா அதையும் சொல்லுதேன். கேட்டுக்கிடும்.”

சுற்றி நின்ற பெண்களில் பூக்கட்டுகிற பேச்சியம்மாள், “நானுந்தான் தள்ளிப்போடுத மாத்திரை தின்னுட்டு வந்திருக்கேன்” என்றாள். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை. பின்னால் இன்னொருத்தி, “நானும்” என்றாள். சிவசங்கு கண்ணாடியைத் துடைத்தார். துடைத்ததையே துடைத்தார்.

மைக் என் கையில் இருந்தது. அணைத்துத்தான் வைத்திருந்தேன். தேவை இருக்கவில்லை.

மாலை மாற்றினார்கள். பாட்டு இல்லாமலே சாமிக்குக் கல்யாணம் நடந்தது. மண்டபம் கொஞ்ச நேரம் ஊமையாகத்தான் கிடந்தது. இடிந்து விழவில்லை.

ஏப்ரல் 4

மதுரை. இரண்டாவது பரிசோதனை. உலகு உள்ளே போனாள். அத்தானும் நானும் பெஞ்சில். கல்யாணத்தன்று ஊர் முழுக்கக் கேட்டதை அவளிடம் சொன்னது யாரென்று தெரியவில்லை. நானில்லை. நேற்று அப்பாவுக்குக் புளிக்குழம்பு வைத்துவிட்டு, “ரொம்பப் பேசிட்டீங்களாமே” என்றாள். அத்தான், “உப்பு கொறவு” என்றார். பேச்சுவார்த்தை ஆரம்பம்.

டாக்டர் யோவான் மூன்று காகிதங்களையும் மேசையில் வரிசையாக வைத்தார். அத்தான் எழுந்தே நின்றார். டாக்டர் நிரம்ப நேரம் பார்த்தார். நான் சாமிகளை வரிசையாகக் கூப்பிட்டு, பதினெட்டாம்படியான் வரை வந்திருந்தேன்.

“போன தடவை கூடின கறுப்பு இல்ல. பிப்ரவரியில எடுத்ததைவிடவும் ஓரத்துல பார்வை கொஞ்சம் திரும்பியிருக்கு” என்றார். “கட்டி சுருங்குதான்னு ஜூன்ல ஸ்கேன் எடுத்துத்தான் சொல்ல முடியும். கறுப்பு திரும்பக் கூடவும் செய்யலாம். ஆனா ஆறாம் தேதியை நான் எடுத்துடுறேன்.”

உலகு, “எவ்வளவு டாக்டர் திரும்பியிருக்கு?” என்றாள்.

“கொஞ்சம்.”

கொஞ்சம் என்றுதான் சொன்னார். நானும் கொஞ்சம் என்றே எழுதுகிறேன்.